நட்சத்திர வடிவங்களை அச்சிட மூன்று வழிகள்: எதில் தொடங்குவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது?

நிரல் எழுதக் கற்கும் எவரும், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பைத் தொட்ட கையோடு நட்சத்திரங்களிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். முதல் வரியில் ஒரு நட்சத்திரம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று ஒரு முக்கோணம். பிறகு தலைகீழ் முக்கோணம், பிரமிடு, வைரம், நடுவில் வெற்றிடம் விட்ட சதுரம். லேப் ரெக்கார்டில் இவை இருக்கும், பிராக்டிகல் தேர்வில் வரும், கேம்பஸ் இன்டர்வியூவிலும் கேட்பார்கள். இருந்தும் பல மாணவர்கள் இதைக் கற்கும் விதம் ஒன்றுதான்: வடிவத்துக்கு ஒரு நிரல் என்று மனப்பாடம். பத்து வடிவம் தெரிந்தவரிடம் பதினோராவது வடிவத்தைக் கொடுத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.

குறை மாணவரிடம் இல்லை. எந்த வழியில் எழுதுவது என்று தேர்ந்தெடுக்க இங்கே இடமிருக்கிறது என்பதே அவருக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரே வடிவத்தை மூன்று வழிகளில் எழுதலாம். லூப்புக்குள் லூப் வைத்து இடைவெளிகளையும் நட்சத்திரங்களையும் எண்ணி எண்ணி அச்சிடலாம். ஒரு வரி முழுவதையும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராகப் பெருக்கி ஒரே தடவையில் அச்சிடலாம். முழுக் கட்டத்தையும் வரி வரியாகச் சுற்றிவந்து, ஒவ்வொரு இடத்திலும் 'இங்கே புள்ளி உண்டா?' என்று கேட்கலாம். திரையில் தெரிவது ஒன்றுதான். ஆனால் மூன்றும் கற்பவருக்கு மூன்று விதமான பழக்கத்தைக் கொடுக்கின்றன.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். எண்ணி அச்சிடும் முறையை இரண்டு எளிய வடிவங்களோடு நிறுத்திக்கொண்டு, சீக்கிரமே கட்ட முறைக்குப் போய்விட வேண்டும். ஸ்ட்ரிங் பெருக்கலை, கட்ட முறை தடுமாறும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏன் என்பதை ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டு மூன்று வழியிலும் எழுதிப் பார்த்தால்தான் விளங்கும்.

ஒப்பிட ஒரு கோலம்

புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் 'நேர்ப்புள்ளி, ஏழு, ஒன்றில் முடியும்' என்று சொன்னால் போதும், தரையில் புள்ளி வைத்துவிடுவார்கள். நடு வரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஐந்து, பிறகு மூன்று, கடைசியில் ஒன்று. நிரல் வகுப்பில் வைரம் என்று சொல்லும் வடிவம் இதுதான்.

```
      *
    * * *
  * * * * *
* * * * * * *
  * * * * *
    * * *
      *
```

கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதல்ல. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கட்டத்தில் அடங்கும் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக் கட்டுரை 1974-இலேயே வெளிவந்தது. கோலத்தின் புள்ளி வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது என்பதுதான் நமக்கு இங்கே வேண்டியது.

எந்த வழியில் எழுதினாலும் முதல் வேலை கணினியில் இல்லை, தாளில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் முன்னால் எத்தனை இடம் காலி, எத்தனை புள்ளி என்று எழுதிப் பாருங்கள்.

```
வரி எண்    : 1  2  3  4  5  6  7
முன் காலி  : 3  2  1  0  1  2  3
புள்ளிகள்  : 1  3  5  7  5  3  1
```

இரண்டாவது வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தால், அது நடு வரியிலிருந்து நாம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதுதான் என்று புரியும். நடுவில் 0, ஒரு வரி தள்ளினால் 1, இரண்டு தள்ளினால் 2. புள்ளிகளோ ஏழிலிருந்து அந்தத் தூரத்தின் இரு மடங்கைக் கழித்தால் வருகின்றன. இந்த உறவைக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சியின் உயிர். அதைக் கண்டுபிடித்தவருக்கு மொழி எதுவானாலும் மீதி எழுத்து வேலைதான்.

இனி வரும் நிரல்களைக் குறிப்பிட்ட ஒரு மொழியில் எழுதவில்லை. சி, ஜாவா, பைத்தான் எதில் வேண்டுமானாலும் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளும்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் வழி: எண்ணி அச்சிடுவது

வகுப்பறைகளில் பெரும்பாலும் சொல்லித்தருவது இதைத்தான். வெளி லூப் வரிகளைக் கவனிக்கும். உள்ளே ஒரு லூப் இடைவெளியை அச்சிடும், இன்னொரு லூப் புள்ளியை அச்சிடும்.

```
வரி = 1 முதல் 4 வரை:
    இடம் = 1 முதல் (4 - வரி) வரை:
        "  " அச்சிடு
    புள்ளி = 1 முதல் (2 × வரி - 1) வரை:
        "* " அச்சிடு
    புது வரி

வரி = 3 முதல் 1 வரை, ஒவ்வொன்றாகக் குறைத்து:
    இடம் = 1 முதல் (4 - வரி) வரை:
        "  " அச்சிடு
    புள்ளி = 1 முதல் (2 × வரி - 1) வரை:
        "* " அச்சிடு
    புது வரி
```

ஒரு வைரத்துக்கு ஆறு லூப். மேல் பாதிக்கு மூன்று, கீழ்ப் பாதிக்கு அதையே திரும்ப மூன்று. வேலை செய்யும், சந்தேகமில்லை. வெளி லூப் ஒரு தடவை நகரும்போது உள் லூப் முழுவதுமாக ஓடி முடிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சியும் வேறில்லை. லூப்புக்குள் லூப் என்பது தொடக்கநிலை மாணவர் தாண்ட வேண்டிய முதல் பெரிய மேடு. அதைத் தாண்ட வைப்பதால் இந்த முறைக்கு நான் முழு மரியாதை தருகிறேன்.

அந்த மேட்டில் எங்கே சறுக்கும் என்பது மொழியைப் பொறுத்தது. சி, சி++-இல் வழக்கமாக அச்சிடும் கட்டளையும் ஜாவாவின் பிரிண்ட்டும் தானாக அடுத்த வரிக்குப் போகாது, நாம்தான் சொல்ல வேண்டும். அதை மறந்தால் ஐந்து வரி முக்கோணத்தின் பதினைந்து நட்சத்திரமும் ஒரே வரியில் நீண்டு கிடக்கும். பைத்தானில் நேர்மாறு. அங்கே பிரிண்ட் ஒவ்வொரு தடவையும் அடுத்த வரிக்குத் தாவிவிடும். முடிவில் என்ன எழுத வேண்டும் என்ற எண்ட் பகுதியை வெற்று ஸ்ட்ரிங்காக மாற்றாவிட்டால், அதே பதினைந்து நட்சத்திரமும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இறங்கும். மாணவரின் திரையில் ஒரே கோடாக நட்சத்திரங்கள் தெரிந்தால், அந்தக் கோடு படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே பிழை என்னவென்று ஆசிரியர் சொல்லிவிடலாம்.

பைத்தானில் இன்னொரு இடமும் உண்டு. புது வரிக்கான வெறும் பிரிண்ட், உள் லூப்போடு ஒட்டி நிற்கிறதா, வெளி லூப்போடு நிற்கிறதா என்பதை இடப்பக்க இடைவெளி மட்டுமே தீர்மானிக்கிறது. நான்கு இடைவெளி அதிகமாகிவிட்டால் முக்கோணமே இல்லை. லூப்புக்கு எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சும் அப்படித்தான். ஒன்றிலிருந்து ஐந்து வரை வேண்டுமென்றால் ஒன்று, ஆறு என்று கொடுக்க வேண்டும். வெறும் ஐந்து என்று கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கி, முதல் வரி காலியாக வந்து நிற்கும்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் இந்தச் சறுக்கல்கள் அல்ல. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். வடிவம் கொஞ்சம் மாறினாலும் நிரலின் அமைப்பே மாற வேண்டியிருக்கிறது, அதுதான் பலவீனம். மேலே உள்ள வைரத்தை உள்ளீடற்றதாக்கச் சொல்லுங்கள்: ஓரத்தில் மட்டும் புள்ளி, நடுவில் காலி. இப்போது முன் இடைவெளிக்கு ஒரு லூப், ஒரு புள்ளி, நடு இடைவெளிக்கு இன்னொரு லூப், மறுபடி ஒரு புள்ளி. முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒரே புள்ளிதான் என்பதால் அவற்றுக்குத் தனியாக ஓர் இஃப், அதாவது நிபந்தனை. கீழ்ப் பாதிக்கு எல்லாம் மறுபடியும். வடிவத்துக்கு ஒரு நிரல் என்ற மனப்பாடப் பழக்கம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாம் வழி: ஸ்ட்ரிங்கைப் பெருக்குவது

```
தள்ளல் = -3 முதல் 3 வரை:
    தூரம் = |தள்ளல்|
    அச்சிடு "  " × தூரம் + "* " × (7 - 2 × தூரம்)
```

ஆறு லூப் இருந்த இடத்தில் ஒரே லூப். தாளில் எழுதிய உறவு அப்படியே நிரலில் வந்து அமர்ந்துவிட்டது. எண்ணிக்கையை ஒன்றில் தொடங்காமல் -3-இல் தொடங்கி 3 வரை ஓட்டியதால் மேல் பாதி, கீழ்ப் பாதி என்ற பிரிவும் போய்விட்டது. |தள்ளல்| என்றால் கழித்தல் குறியை நீக்கிய எண். குறியை நீக்கினால் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தானாகக் கிடைக்கிறது.

பைத்தானில் இதை இப்படியே எழுதலாம், ஸ்ட்ரிங்கை முழு எண்ணால் பெருக்கினால் அத்தனை தடவை அது திரும்ப வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும், ஜாவாவில் 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்தும் இதற்கு ரிப்பீட் இருக்கிறது. சி++-இல் எத்தனை, எந்த எழுத்து என்று கொடுத்தால் அந்த நீளத்துக்கு ஸ்ட்ரிங் உருவாகும். சி-யில் இப்படி நேரடியாக எதுவும் இல்லை, நாமே லூப் எழுத வேண்டும்.

பைத்தான் பழகியவர்கள் மற்ற மொழிக்குப் போகும்போது இங்கேதான் அடிபடுகிறார்கள். பெருக்கல் குறியை அப்படியே கொண்டுபோனால் ஜாவாவும் சி++-உம் கம்பைல் ஆகவே மறுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் 'இது எண்ணே இல்லை' என்று ஒரு மதிப்பைத் திருப்பித்தரும். கூட்டலிலும் ஒரு பொறி இருக்கிறது. ஜாவாவில் நட்சத்திரத்தையும் இடைவெளியையும் ஒற்றை மேற்கோளில் போட்டுக் கூட்டி அச்சிட்டால் திரையில் 74 என்று வரும். நட்சத்திரத்தின் குறியெண் 42, இடைவெளியின் குறியெண் 32. ஒற்றை மேற்கோளில் இருப்பவை தனி எழுத்துகள் என்பதால், ஒட்டாமல் கூட்டிவிட்டது. சி++-இலும் இதே 74 வரும். நட்சத்திரம் எதிர்பார்த்து எண்ணைக் கண்டு திகைக்கும் மாணவருக்கு, எழுத்து என்பது உள்ளே ஓர் எண்தான் என்று சொல்லித்தர இதைவிட நல்ல தருணம் அமையாது.

இந்த வழியை முதலில் சொல்லித்தரலாமா? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் கற்பிப்பவர்கள் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது: உறவைக் கண்டுபிடிப்பது ஒரு கஷ்டம், லூப்புக்குள் லூப் இன்னொரு கஷ்டம், இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், உள் லூப் என்ற ஒன்று பெருக்கல் குறிக்குள் ஒளிந்திருப்பது பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். பிற்பாடு, மதிப்புகளைக் கட்டமாக அடுக்கும் இரு பரிமாண அரே வரும்போது ஒளிய இடமிருக்காது. ஒரே வரிக்குள் எண்கள் மாறிக்கொண்டே போகும் வடிவங்களும், 1 2 3 2 1 போன்றவை, பெருக்கலில் அடங்காது.

மூன்றாம் வழி: கட்டத்தைச் சுற்றிக் கேள்வி கேட்பது

```
வரி = -3 முதல் 3 வரை:
    பத்தி = -3 முதல் 3 வரை:
        |வரி| + |பத்தி| <= 3 என்றால் "* " அச்சிடு
        இல்லையென்றால் "  " அச்சிடு
    புது வரி
```

பத்தி என்பது மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசை. இங்கே லூப்புகளுக்கு வடிவம் என்னவென்றே தெரியாது. அவை ஏழுக்கு ஏழு கட்டத்தின் 49 இடங்களையும் ஒன்று விடாமல் சுற்றுகின்றன, அவ்வளவுதான். வடிவம் முழுவதும் அந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. நடுப்புள்ளியிலிருந்து மேல்கீழாக எத்தனை அடி, பக்கவாட்டில் எத்தனை அடி, இரண்டையும் கூட்டினால் மூன்றுக்குள் வருகிறதா என்று கேட்கிறோம். வந்தால் புள்ளி.

உள்ளீடற்ற வைரம் வேண்டுமா? 'சிறியது அல்லது சமம்' என்பதை 'சமம்' என்று மாற்றுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

```
      *
    *   *
  *       *
*           *
  *       *
    *   *
      *
```

முதல் வழியில் தனி இஃப், கூடுதல் லூப் என்று திண்டாடிய அதே வடிவம் ஒரு குறியை மாற்றியதும் வந்துவிட்டது. இதைத் திரையில் பார்க்கும் மாணவரின் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே இந்த வழியைச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்படியே போகலாம். |வரி| = 3 அல்லது |பத்தி| = 3 என்றால் சதுரத்தின் ஓரம். |வரி| = |பத்தி| என்றால் இரண்டு மூலைவிட்டங்கள், அதாவது பெருக்கல் குறி. வரி = 0 அல்லது பத்தி = 0 என்றால் கூட்டல் குறி. ஓரத்தையும் மூலைவிட்டத்தையும் 'அல்லது' போட்டு இணைத்தால் உள்ளே பெருக்கல் குறி கொண்ட பெட்டி. பத்தி <= வரி என்றால் பழைய செங்கோண முக்கோணமே. மாணவர் தானாக ஒரு நிபந்தனையை எழுதி, என்ன வடிவம் வரும் என்று முதலில் தாளில் ஊகித்து, பிறகு ஓட்டிப் பார்க்கலாம். மனப்பாடத்தில் இந்த விளையாட்டுக்கு வாய்ப்பே இல்லை.

எண் வடிவங்களில் இந்த வழி இன்னும் பலம் காட்டும். ஹேக்கர்ராங்க் என்ற நிரல் பயிற்சித் தளத்தின் சி பயிற்சிகளில் உள்ள ஒரு கணக்கு பலரையும் பயமுறுத்துவது. நான்கு என்று கொடுத்தால் இப்படி அச்சிட வேண்டும்:

```
4 4 4 4 4 4 4
4 3 3 3 3 3 4
4 3 2 2 2 3 4
4 3 2 1 2 3 4
4 3 2 2 2 3 4
4 3 3 3 3 3 4
4 4 4 4 4 4 4
```

எண்ணி அச்சிடும் வழியில் போனால் ஒவ்வொரு வரியும் மூன்று துண்டு: இறங்கும் எண்கள், மாறாத எண்கள், ஏறும் எண்கள். மேல் பாதிக்கு ஒரு கணக்கு, கீழ்ப் பாதிக்கு ஒரு கணக்கு. கட்ட முறையில் நடுவை 0 என்று வைத்து, |வரி|, |பத்தி| இரண்டில் எது பெரியதோ அதோடு ஒன்றைக் கூட்டி அச்சிட்டால் முடிந்தது. மேல் வலது பக்கத்தில் ஓர் இடத்தை எடுத்துச் சரிபாருங்கள். வரி -2, பத்தி 1. குறியை நீக்கினால் 2, 1. பெரியது 2, ஒன்றைக் கூட்டினால் 3. படத்தில் இரண்டாவது வரியின் ஐந்தாவது எண் 3-தான்.

ஃப்ளாய்ட் முக்கோணமும் இதில் அடங்கும். 1, பிறகு 2 3, பிறகு 4 5 6 என்று போவது. வழக்கமாக ஒரு தனி எண்ணியை வைத்துக் கூட்டிக்கொண்டே போவார்கள், அதுவும் எளிமையானதே. வரி × (வரி - 1) / 2 + பத்தி என்ற கணக்கு தெரிந்தவருக்கோ, எந்த இடத்தில் எந்த எண் என்பதை முந்தைய வரிகளை அச்சிடாமலே சொல்ல முடியும். பட்டியலில் ஓர் இடத்துக்கு நேராகத் தாவுவது என்ற பெரிய விஷயத்தின் முதல் ருசி அது.

பலன் வெறும் நட்சத்திரத்தோடு முடிவதில்லை. இரு பரிமாண அரே, மேட்ரிக்ஸ் கணக்குகள், சதுரங்கப் பலகை, படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் தீர்மானிப்பது என எல்லாமே 'வரி, பத்தி, அந்த இடத்தில் என்ன?' என்ற ஒரே கேள்விதான். கட்ட முறையில் பழகிய மாணவருக்கு அவை புதிய பாடமாகத் தோன்றுவதில்லை. வரியையும் பத்தியையும் பூஜ்யத்திலிருந்து எண்ணி, இரண்டின் இரும இலக்கங்களையும் 'அண்ட்' செய்து (இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1), விடை பூஜ்யமாக வரும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டத்திலேயே முக்கோணத்துக்குள் முக்கோணமாக சியர்பின்ஸ்கி வடிவம் எழும்பும். ஒற்றை வரி நிபந்தனைக்கு அது கொடுக்கும் அழகு அதிகம்.

கட்ட முறை தோற்கும் இடம்

இதையெல்லாம் சொல்லிவிட்டு அதன் குறையை மறைப்பது நியாயமில்லை. இடைப்புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஊடுபுள்ளி என்றும் சொல்வார்கள். 'ஏழு, நான்கில் முடியும்' என்றால் நடுவில் ஏழு, பிறகு ஆறு, ஐந்து, நான்கு. ஒவ்வொரு வரியின் புள்ளியும் முந்தைய வரியின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விழும்.

```
   * * * *
  * * * * *
 * * * * * *
* * * * * * *
 * * * * * *
  * * * * *
   * * * *
```

இங்கே புள்ளிகள் அரை அடி தள்ளித் தள்ளி நிற்பதால் ஏழுக்கு ஏழு கட்டம் உதவாது. பத்தியை -6 முதல் 6 வரை நீட்டி, |பத்தி| <= 6 - |வரி| என்பதோடு, வரியும் பத்தியும் சேர்ந்து இரட்டைப்படை எண்ணாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டாவது நிபந்தனை சேர்க்க வேண்டும். சரியாகவே வரும், ஆனால் தொடக்க மாணவர் அந்த இரட்டைப்படை விஷயத்தைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்ட்ரிங் பெருக்கலிலோ " " × தூரம் + "* " × (7 - தூரம்). முன்பு எழுதிய நிரலில் இரண்டே சின்ன மாற்றம். எண்ணி அச்சிடும் முறையிலும் இது சுலபம்தான். அரை அடி நகரும் வடிவம் எதுவானாலும் கட்டத்தை விட்டுவிட்டு வரியை மொத்தமாகக் கட்டுங்கள்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. கட்ட முறை வலப்பக்கக் காலி இடங்களையும் இடைவெளியாக அச்சிட்டுவிடும். விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தளங்களில் அந்த மிச்ச இடைவெளியால் சரியான நிரலும் தவறு என்று திரும்பி வரக்கூடும். வரியை முதலில் ஒரு ஸ்ட்ரிங்காகச் சேர்த்து, கடைசி இடைவெளிகளை வெட்டிவிட்டு அச்சிடுவது நல்ல பழக்கம். 25 புள்ளிக்காக 49 இடத்தைச் சோதிக்கிறதே என்று வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் உண்டு. இந்த அளவில் அதற்கு அர்த்தமே இல்லை.

ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கும் ரிகர்ஷனில் எழுதலாம், வரியைக் கொடுத்தால் நடுவில் நிறுத்தும் சென்டர் போன்ற கருவிகளையும் பயன்படுத்தலாம். ரிகர்ஷன், அதைக் கற்கும் நேரத்தில் நல்ல உதாரணம், லூப் கற்கும் நேரத்தில் வேண்டாம். சென்டர் மாதிரியானவை, இடைவெளிக்கான கணக்கைப் போடவே விடாமல் செய்துவிடுகின்றன. அந்தக் கணக்குக்காகத்தானே உட்கார்ந்தோம்.

மொழியும் எழுத்தும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்பது 2018, 2019 பாடநூல்களோடு வந்த ஏற்பாடு. ஆகவே பள்ளி மாணவருக்கு மொழியைத் தேர்வு செய்யும் சுதந்திரம் அதிகமில்லை. தானாகக் கற்பவர் பைத்தானில் தொடங்கலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு வரி, பத்தி, தூரம் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் நிபந்தனையைப் படிக்கும்போது தமிழ் வாக்கியமாகவே படிக்க முடிகிறது. கட்டளைச் சொற்களும் தமிழில் வேண்டுமென்றால் முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இருக்கிறது.

நட்சத்திரத்துக்குப் பதில் தமிழ் எழுத்தையே வைத்து வடிவம் போட ஆசைப்படுவது இயல்பு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். மி என்பதில் மகரமும் இகரக் கொக்கியும் தனித்தனி, ழ் என்பதில் ழகரமும் புள்ளியும் தனித்தனி. அதனால் ஒவ்வொன்றாகக் கூட்டி அச்சிட்டால் இப்படி வரும்:

```
த
தம
தமி
தமிழ
தமிழ்
```

நாம் நினைத்ததோ மூன்று வரி. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது, அதில் பிரித்து ஒரு பட்டியலாக்கிவிட்டு அதன் மேல் லூப்பை ஓட்டினால் த, தமி, தமிழ் என்று சரியாக வரும். அகலத்துக்கு மட்டும் வழியில்லை. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல, ஆகவே பிரமிடு, வைரம் போன்றவை கோணலாகிவிடும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும் முக்கோணங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நட்சத்திரத்துக்கும்கூட இந்த எச்சரிக்கை கொஞ்சம் பொருந்தும். வாட்ஸப்பில் சாதாரணச் செய்தியாக ஒட்டினால் வடிவம் சிதையும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துருவில்தான் பார்க்க வேண்டும். திரையில் ஒரு எழுத்துக்கான இடம் அகலத்தைவிட உயரம் கூடியது என்பதால், நட்சத்திரத்தோடு ஓர் இடைவெளியும் சேர்த்து அச்சிட்டால்தான் சதுரம் சதுரமாகத் தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க நட்சத்திரத்தை ஓர் இடைவெளியோடு எழுதியது அதற்காகத்தான்.

யார் எதை எடுப்பது

இரண்டு நாளில் பிராக்டிகல் தேர்வு என்றால் வழியை மாற்ற வேண்டாம். ரெக்கார்டில் உள்ள எண்ணி அச்சிடும் முறையிலேயே போங்கள், ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் அந்த மூன்று வரி அட்டவணையைத் தாளில் போட்டுவிட்டு நிரலைப் பாருங்கள். பாதி மனப்பாடம் தேவையற்றதாகிவிடும்.

முதல் வருடக் கல்லூரி மாணவருக்கு நேரம் இருக்கிறது. செவ்வகம், செங்கோண முக்கோணம் இரண்டையும் சி-யில் லூப்புக்குள் லூப்பாக எழுதி, உள் லூப் எப்போது முடிகிறது, புது வரி எங்கே வருகிறது என்பதை ஒரு தடவை கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேராகக் கட்ட முறைக்கு வந்துவிடுங்கள். பிரமிடை எண்ணி எழுதப் போய் நாட்களைக் கரைக்க வேண்டாம்.

பிள்ளைக்குச் சொல்லித்தரும் அம்மா அப்பாக்கள் பைத்தானில் ஸ்ட்ரிங் பெருக்கலோடு தொடங்கலாம், வீட்டு வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலத்தையே முதல் பயிற்சியாக வைக்கலாம். அது வந்த பிறகு பெருக்கல் குறியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு லூப்பை எழுதச் சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெருக்கலில் ஒரே வரியில் எழுதினால், அதை விட்டுவிட்டு லூப்பில் எழுதிக் காட்டச் சொல்ல வாய்ப்பு அதிகம். கட்ட முறையில் தொடங்கினால் அந்தக் கேள்விக்கு இடமில்லை, லூப் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அடுத்து 'இதையே உள்ளீடற்றதாக்கு' என்று கேட்பார்கள். அப்போது நிபந்தனையில் ஒரு குறியை மாற்றினால் போதும்.